காற்றுத்துளையை மறந்த சட்டம்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஜூலையில் ஒரு வேண்டுகோளை வெளியிட்டது. தொழிற்சாலைப் புகை, குடிநீர் மாசு, பருவநிலை என்று பெரும்பொருள்களைக் கையாளும் அந்த அமைப்பு இம்முறை பேசியது பெட்ரோல் கேனைப் பற்றி. கேன்களில் காற்றுத்துளை வையுங்கள், நடைமுறையில் இருக்கும் விதிகள் அதைத் தடுக்கவில்லை என்று அது உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு வல்லரசின் முகமை பிளாஸ்டிக் கேனில் ஒரு துளையிடச் சொல்லிக் கடிதம் எழுதுவது முதல் பார்வைக்கு நகைப்பை வரவழைக்கலாம். ஆனால், அந்தத் துளை காணாமற்போன கதை நகைப்புக்குரியதன்று. நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட ஒரு விதி, தான் தடுக்க முனைந்த தீங்கையே வேறு வழியில் எப்படிப் பெருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் வாகனக் கொட்டகைகளில் ஒரு சிவப்புக் கேனாவது இருக்கும். புல்வெட்டும் இயந்திரம், மரமறுக்கும் சங்கிலி ரம்பம், பனியகற்றும் இயந்திரம், சிறு படகு என்று அங்கே பெட்ரோலில் இயங்கும் வீட்டுக் கருவிகள் பல. ஃபுளோரிடா, லூசியானா, டெக்சாஸ் போன்ற புயல் மாநிலங்களில் மின்சாரம் நின்றுவிட்டால் ஜெனரேட்டர்தான் துணை. ஜெனரேட்டருக்குக் கேன்தான் துணை. ஆகவே கேனிலிருந்து பெட்ரோலை ஊற்றுவது அந்நாட்டின் சராசரிக் குடும்பம் ஆண்டுதோறும் பலமுறை செய்யும் வேலை. 2009-க்குப் பிறகு வாங்கிய கேனைக் கொண்டு அந்த வேலையைச் செய்தவர்களின் புலம்பல் ஏறத்தாழ ஒரே மாதிரியானது: 'சிந்தாத கேன்' என்று எழுதியிருக்கிறது, ஆனால் பழைய கேனில் சிந்தியதைவிட அதிகம் சிந்துகிறது.

பழைய கேனின் அமைப்பு மிக எளியது. முன்பக்கம் நீண்டு வளையும் மூக்கு. பின்பக்கம் விரல்நுனி அளவு மூடியுடன் ஒரு காற்றுத்துளை. மூடியைத் திறந்துவிட்டுச் சாய்த்தால் பெட்ரோல் சீராக இறங்கும். புதிய கேனில் பின்துளை இல்லை. பெட்ரோல் வெளியேறுவதும் காற்று உள்ளே போவதும் ஒரே வாய் வழியாகத்தான். அந்த வாயில் வில்சுருளால் தானே மூடிக்கொள்ளும் ஓர் அடைப்பு. குழந்தைகள் திறக்காதபடி ஒரு பூட்டு. பூட்டை ஒரு விரலால் திருப்பி அல்லது அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கின் விளிம்பை இயந்திரத் தொட்டியின் வாயில் மாட்டிக் கேனின் எடையாலேயே கீழே அழுத்தினால்தான் அடைப்புத் திறக்கும். 5 கேலன் கேன் என்றால் ஏறத்தாழ 19 லிட்டர். பெட்ரோல் மட்டுமே 14 கிலோ எடை வரும். அதைத் தூக்கிச் சாய்த்து, விரலால் பூட்டை அழுத்தி, மூக்கைச் சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும். மூட்டுவலி உள்ள முதியவருக்கு இது எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பார்க்கலாம். தொட்டியின் வாய் கேன் வடிவமைப்பாளர் நினைத்த வடிவில் இல்லாவிட்டாலோ பிடி வழுக்கும். பெட்ரோல் இயந்திரத்தின் மேல் வழியும்.

இதன் இயற்பியல் நம் வீடுகளுக்குப் புதிதன்று. எண்ணெய் டின்னைத் திறக்கும் மளிகைக் கடைக்காரர் ஒரு மூலையில் துளையிட்டதும் எதிர்மூலையில் இன்னொரு துளை போடுவார். ஒரு துளை எண்ணெய்க்கு, மற்றது காற்றுக்கு. இரண்டாவது துளை இல்லாவிட்டால் எண்ணெய் 'மொடக் மொடக்' என்று விட்டுவிட்டு வந்து தெறிக்கும். கெண்டியிலிருந்து நீர் நூல் பிடித்தாற்போல் விழுவதற்கும் மேல்வாய் திறந்திருப்பதே காரணம். கலனிலிருந்து திரவம் வெளியேறும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது; அதே அளவு காற்று உள்ளே வந்தால்தான் ஓட்டம் தொடரும். காற்றுக்குத் தனி வழி இல்லையென்றால் திரவமும் காற்றும் ஒரே வாயில் முட்டி மோதும். பெட்ரோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெயிலில் வைத்த கேனுக்குள் ஆவி பெருகி அழுத்தம் ஏறும். கேன் பலூன் போல உப்பும். அப்போது அடைப்பைத் திறந்தால் முதலில் பீறிட்டு வெளியேறுவது அழுத்தத்துக்குள்ளான பெட்ரோல்தான்.

இந்த விதியை எழுதியவர்களுக்கு இயற்பியல் தெரியாது என்று கருதுவது நியாயமாகாது. அவர்கள் எதிர்கொண்ட பிரச்சினை உண்மையானது. பெட்ரோல் ஆவி சூரிய ஒளியில் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் சேர்ந்து தரைமட்ட ஓசோனை, அதாவது நுரையீரலை வாட்டும் நகரப் புகைமூட்டத்தை உருவாக்குகிறது. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை விளைவிப்பது. பழைய கேன்களில் பின்மூடியைத் திறந்தவர்கள் மூட மறந்தார்கள். மூக்கின் மூடி தொலைந்தால் துணியைச் சுருட்டி அடைத்தார்கள். மூடியே இருந்தாலும் சாதாரணப் பாலிஎத்திலீன் சுவர் வழியாகவே பெட்ரோல் ஆவி மெல்லக் கசியும். ஒரு கேனில் அது அற்பம். கோடிக்கணக்கான கேன்கள் ஆண்டு முழுவதும் கொட்டகைகளில் கிடக்கும்போது அற்பமன்று. கார்களின் புகைக்குழாயை இறுக்கிய பிறகு, கட்டுப்படாமல் மிஞ்சிய இத்தகைய சிறு ஊற்றுகளின் மீது கலிபோர்னியாவின் பார்வையும், பின்னர் மத்திய அரசின் பார்வையும் திரும்பியது இயல்பே.

2007-இல் அறிவிக்கப்பட்டு 2009 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதி ஒரு துல்லியமான எல்லையை வகுத்தது. கேனின் கொள்ளளவில் ஒரு கேலனுக்கு நாளொன்றுக்கு 0.3 கிராமுக்கு மேல் ஆவி வெளியேறக் கூடாது. 5 கேலன் கேனுக்கு இது நாளொன்றுக்கு 1.5 கிராம். மூக்கு பொருத்தி, மூடிய நிலையில், பகலிரவு வெப்ப மாறுபாட்டை உண்டாக்கி ஆய்வகத்தில் எடை போட்டுப் பார்ப்பார்கள். தேறினால் விற்கலாம்.

இந்த எண்ணை இன்னோர் எண்ணுடன் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி பெட்ரோல், அதாவது 15 மில்லிலிட்டர், ஏறத்தாழ 11 கிராம் இருக்கும். தரையிலோ இயந்திரத்தின் மீதோ சிந்தினால் அதில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கும். அதாவது, ஒருமுறை ஒரு கரண்டி சிந்தினால், 5 கேலன் கேன் ஒரு வாரத்துக்கு மேல் கசியவிட அனுமதிக்கப்பட்ட ஆவி சில நிமிடங்களில் வெளியேறிவிடும். கை நழுவி ஒரு டம்ளர், 200 மில்லிலிட்டர், கொட்டிவிட்டால் அது மூன்று மாதக் கணக்கைத் தாண்டிவிடும். கேன் சும்மா கிடக்கும்போது சேமித்ததையெல்லாம் ஊற்றும் ஒரு நிமிடத்தில் இழந்துவிட முடியும் என்பதற்கு வேறு ஆய்வு தேவையில்லை. பெருக்கல் வாய்பாடு போதும்.

சிந்துவதை விதி அடியோடு மறந்துவிடவுமில்லை. எரிபொருள் நிரப்பும்போது சிந்துவதை இயன்றவரை குறைக்கும் வகையில் கேனை வடிவமைக்க வேண்டும், வழக்கமான வண்டிகளிலும் கருவிகளிலும் சிந்தாமல் ஊற்றுவதைக் கடினமாக்கும் வடிவங்களை நல்ல பொறியியல் மதிப்பீட்டைக் கொண்டு தவிர்க்க வேண்டும் என்று அதில் ஒரு கூறு இருக்கிறது. படித்தால் குறை சொல்ல இயலாத வாசகம். ஆனால், கசிவுக்கு ஓர் எண் இருக்கிறது. சிந்தலுக்கு எண் இல்லை. கசிவுக்குச் சோதனை இருக்கிறது, சிந்தலுக்கு 'இயன்றவரை'தான். எண் உள்ள கூற்றில் தவறினால் சான்றிதழ் கிடைக்காது. எண் இல்லாத கூற்றில் தவறினால் யாரும் கேட்கப்போவதில்லை. எந்தத் தொழிற்சாலையும் எதற்கு முன்னுரிமை தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுத்துளை வைத்தால் அதற்கு ஒரு நல்ல மூடி வேண்டும். அந்த மூடியும் கசிவுச் சோதனையில் தேற வேண்டும். வாங்கியவர் அதை மூட மறந்தால் பழி வரும். துளையே இல்லாவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, சில காசுகள் மிச்சம் வேறு. விதி தடுக்காத துளையைச் சந்தை தானே அடைத்துவிட்டதன் காரணம் இதுதான்.

இதில் வியப்பு என்னவென்றால், மத்திய அரசுக்கு முன்பே கலிபோர்னியா இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. அம்மாநிலக் காற்று வள வாரியம் 2001-இல் நடைமுறைப்படுத்திய முதல் விதி, தொட்டி நிறைந்ததும் தானே நின்றுவிடும் மூக்கையும், நிரப்பவும் ஊற்றவும் ஒரே வாயையும் கோரியது. தாளில் அருமையான யோசனை. நடைமுறையில், பலவகை இயந்திரத் தொட்டிகளின் வாய்களோடு அந்த மூக்குகள் பொருந்தவில்லை. சிந்துகிறது என்று மக்கள் முறையிட்டனர். 2007-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் தானே நிற்கும் மூக்கு என்ற நிபந்தனையை வாரியம் கைவிட்டது. தானே மூடும் மூக்கு மட்டும் எஞ்சியது. தன் விதியைத் தானே திருத்திக்கொள்ளும் துணிவு அரசு அமைப்புகளிடம் அரிதாகவே காணக்கிடைப்பது. அந்த வகையில் வாரியத்தைப் பாராட்டலாம். ஆனால், அந்த அனுபவத்தின் சாரமாகிய 'ஊற்றிப் பார்த்துச் சோதி' என்பது எந்த விதிநூலிலும் ஏறவில்லை.

விளைவு எப்படியிருக்கும் என்பதை மனித இயல்பு அறிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புனல் வைத்து ஊற்றுகிறார்கள். துளையிடும் கருவியை எடுத்துக் கேனின் பின்புறத்தில் தாங்களே துளைபோட்டு, சைக்கிள் டியூப் வால்வையோ இணையத்தில் வாங்கிய சிறு மூடியையோ பொருத்துகிறார்கள். பழைய வகை மூக்கும் காற்றுமூடியும் சேர்ந்த மாற்றுப் பொட்டலங்கள் தாராளமாக விற்கின்றன. கார்ப் பந்தயக்காரர்கள் பயன்படுத்தும் சதுர வடிவக் கேன்கள், பெட்ரோலுக்கு என்று எழுதாமல் 'பொதுப் பயன்பாட்டுக்கு' என்ற பெயரில் கடைக்கு வருகின்றன. வாங்குபவர் அதில் என்ன ஊற்றுவார் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இந்தக் கேன்கள் எதிலும் கசிவுக் கட்டுப்பாடு இல்லை, குழந்தைப் பூட்டு இல்லை, தீத்தடுப்பு வலை இல்லை. விதியின் மூன்று நோக்கங்களும் ஒரே வாங்கலில் போய்விடுகின்றன. 2009-க்கு முன் தயாரான கேன்கள் வீட்டு ஏலங்களில் தேடி வாங்கப்படும் பொருளாகிவிட்டதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆவியைவிட அவசரமான ஆபத்து தீ. சற்றுமுன் வரை ஓடிய ஜெனரேட்டரின் சூடான புகைக்குழாய்மீது பெட்ரோல் வழிந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. புயல் இரவில், இருட்டில், கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, பதற்றத்துடன் ஊற்றும்போதுதான் இந்தக் கேன்கள் அதிகம் பயன்படுகின்றன. இயந்திரத்தை நிறுத்திக் குளிரவிட்ட பிறகே ஊற்ற வேண்டும் என்பது எல்லாக் கையேடுகளிலும் உள்ளது. குளிர்சாதனப் பெட்டியில் மருந்து வைத்திருப்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பது கையேட்டில் இல்லை.

தீ தொடர்பான சட்டம் தனி வழியில் வளர்ந்தது. 2008-இல் நிறைவேறிய சட்டம் குழந்தைகள் திறக்க முடியாத மூடியைக் கட்டாயமாக்கியது. அடுத்த பிரச்சினை, கேனுக்குள் இருக்கும் ஆவியில் தீ புகுந்து, வாய் வழியாகச் சுடர் பீறிடுவது. எரியும் விறகின்மேல் பெட்ரோல் ஊற்றும் அறிவீனத்தால் நேரும் விபத்துகளில் பல இவ்வகை. ஓக்லஹோமா மாநிலத்தின் மயாமி என்னும் சிற்றூரில் இயங்கிய ப்ளிட்ஸ் யூ.எஸ்.ஏ. நிறுவனம், ஒரு காலத்தில் அமெரிக்கப் பெட்ரோல் கேன்களில் பெரும்பகுதியைத் தயாரித்தது. கேனின் வாயில் சிறு வலை வைத்திருந்தால் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று அதன்மீது வழக்குகள் குவிந்தன. 2011-இல் திவால் மனு கொடுத்து மறு ஆண்டே ஆலையை மூடியது; நூற்றுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். வழக்கறிஞர்கள் ஒரு தொழிலை அழித்தார்கள் என்று ஒரு சாராரும், சில காசு வலைக்காக உயிர்களைப் பலியிட்டார்கள் என்று மறுசாராரும் இன்றும் வாதிடுகிறார்கள். 2020 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் இந்த வாதத்தை முடித்துவைத்தது. 2023 ஜூலை முதல் கேன்களில் தீத்தடுப்பு அமைப்பு கட்டாயம். இது நியாயமான சட்டம் என்பதே நம் கருத்து. ஆனால், வாய்க்குள் இறங்கியிருக்கும் வலை நிலையத்தில் வேகமாகப் பெட்ரோல் நிரப்பும்போது தடுத்து, மேலே தெறிக்கவைக்கக் கூடும். பூட்டு, அடைப்பு, வலை என்று ஒவ்வொரு பாதுகாப்பும் தனித்தனி அலுவலகத்தில், தனித்தனி ஆண்டில், ஒரே சிறு வாய்க்குள் திணிக்கப்பட்டது. மூன்றும் சேர்ந்து எப்படி ஊற்றுகிறது என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமற்போனது.

கசிவைத் தடுக்கப் பிளாஸ்டிக் சுவரை ஃப்ளூரின் வாயுவால் பதப்படுத்தும் முறையிலும் எதிர்பாராத பின்விளைவு வந்தது. அப்பதப்படுத்தலின்போது, 'என்றும் அழியா இரசாயனங்கள்' எனப்படும் பி.எஃப்.ஏ.எஸ். வகைச் சேர்மங்கள் உருவாவதை அதே சுற்றுச்சூழல் முகமை பின்னாளில் கண்டறிந்து, அதை நிறுத்த முயன்று, நீதிமன்றத்தில் தோற்றது. அது தனிக் கட்டுரைக்குரியது.

நல்ல கேன் எப்படியிருக்க வேண்டும் என்பது விடை தெரியாத புதிராக இருந்திருந்தால் இத்தனை தடுமாற்றத்தையும் மன்னிக்கலாம். ஆனால், விடை 1930-களிலேயே கிடைத்துவிட்டது. ஜெர்மனியின் ஷ்வெல்ம் நகரில் மியூலர் நிறுவனத்தின் பொறியாளர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் 1937-இல் ஜெர்மன் இராணுவத்துக்காக 20 லிட்டர் எஃகுக் கேனை வடிவமைத்தார். மேலே மூன்று கைப்பிடிகள். காலிக் கேன்களாயின் ஒரு கையில் இரண்டைத் தூக்கலாம். நிறைந்த கேனை இருவர் பக்கத்துக்கு ஒருவராகப் பிடிக்கலாம். திருகு மூடிக்குப் பதில் நெம்புகோல் மூடி. கருவி ஏதுமின்றி நொடியில் திறக்கும், இறுகவும் மூடும். மேற்புறத்தில் காற்று தங்கும் ஒரு திமில், அதனால் நீரில் எறிந்தாலும் மிதக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது, மூக்கினுள்ளே அந்தத் திமிலுக்குச் செல்லும் சிறு காற்றுக்குழாய். சாய்த்தால் காற்று தானாகவே உள்ளே போகும். பெட்ரோல் மொடமொடக்காமல் இறங்கும். திறக்கவோ மூடவோ மறக்கவோ தனித் துளை இல்லை. பிரிட்டிஷ் படையினர் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மெல்லிய தகர டின்களில் பெட்ரோலைச் சுமந்து, பெரும்பங்கை மணலுக்குப் பலிகொடுத்துக்கொண்டிருந்தபோது, கைப்பற்றிய இந்தக் கேன்களைப் புதையல்போல் பாதுகாத்தனர். ஜெர்மானியரைக் குறிக்கும் அவர்களது கொச்சைச் சொல்லே 'ஜெர்ரி கேன்' என்ற பெயருக்கு மூலம்.

இந்தக் கேன் அமெரிக்காவுக்குப் போன வழியில் இந்தியாவும் வருகிறது. 1939 கோடையில் பால் ப்ளைஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், பெர்லினில் தம்முடன் பணியாற்றிய ஜெர்மானியர் ஒருவருடன் தரைவழியாகக் காரில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியில் குடிநீருக்கென்று அந்த ஜெர்மானியர் டெம்பல்ஹோஃப் விமான நிலையக் கிடங்கிலிருந்து மூன்று கேன்களை எடுத்து வண்டியின் அடியில் பொருத்தினார். இந்தியாவைப் பாதி கடந்த நிலையில் போர்மேகம் சூழவே அவர் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டார். புறப்படுமுன் கேனின் தயாரிப்பு விவரங்களைத் தோழரிடம் சொல்லிச் சென்றார். ப்ளைஸ் தனியே கல்கத்தா வரை ஓட்டிவந்து காரை அங்கே நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். அமெரிக்க இராணுவ அதிகாரிகளிடம் இக்கேனின் அருமையை அவர் எடுத்துரைத்தபோது பெரிதாக யாரும் செவிசாய்க்கவில்லை. பின்னர் ஏற்றுக்கொண்டபோதும் தங்கள் விருப்பப்படி மாற்றினார்கள். திறக்க ஸ்பானரும் ஊற்றப் புனலும் தேவைப்படும் கேனை அமெரிக்கா தயாரித்தது. புனல் வைத்து ஊற்றும் பழக்கத்துக்கு அங்கே மரபு உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்று மாற்றுத் தேடும் அமெரிக்க நுகர்வோர் முன்னால் சில வழிகள் உள்ளன. ஐரோப்பாவில் தயாராகும் அதே எஃகு ஜெர்ரி கேன், அமெரிக்க விதிகளுக்கு ஏற்ற மூக்குடன் கிடைக்கிறது. பிளாஸ்டிக் கேனைப்போல் பல மடங்கு விலை. ஆனால் எஃகுச் சுவர் வழியாக ஆவி கசியாது, பல்லாண்டு உழைக்கும். இன்னொன்று தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் பயன்படும் 'பாதுகாப்புக் கேன்'. வில்லால் மூடும் மூடி, உள்ளே தீத்தடுப்பு வலை, தீயில் சிக்கினால் உள்ளழுத்தத்தைத் தானே வெளியேற்றும் அமைப்பு. இதன் இரண்டாம் வகையில் நிரப்ப ஒரு வாய், ஊற்ற ஒரு வாய். விசையை அழுத்தினால் காற்றுவழி திறந்து வளையும் உலோகக் குழாய் வழியே சீராக ஊற்றும். தொழிலாளர் பாதுகாப்புத் தரத்தில் அங்கீகாரம் பெற்ற இக்கேன்களுக்கு 2009 விதியிலிருந்து விலக்கு உண்டு! ஆலையில் கூலிக்கு உழைப்பவருக்கு நன்றாக ஊற்றும் கேன் எப்படியிருக்க வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் புல்வெட்டுபவருக்கு மட்டும் அது தெரியாமற்போனது.

செலவு செய்ய விரும்பாதவர்களுக்கு எளிய வழி, பெரிய கேனைத் தவிர்த்து ஒன்று அல்லது இரண்டு கேலன் கேனை வாங்குவது. 14 கிலோவைச் சாய்க்கும் கை நடுங்கும். நாலைந்து கிலோவைச் சாய்க்கும் கை நடுங்காது. கேனைத் தூக்காமலேயே பேட்டரியில் இயங்கும் சிறு பம்பால் மாற்றிக்கொள்பவர்களும் பெருகிவருகின்றனர். கேனே வேண்டாம் என்பது கடைசி வழி: கலிபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டத்தின் தொடர்ச்சியாக, 2024 முதல் அங்கே விற்பனைக்குத் தயாராகும் புதிய புல்வெட்டும் இயந்திரம் போன்ற சிறு கருவிகளில் பெரும்பாலானவை புகையற்றவையாக இருக்க வேண்டும். பேட்டரிக் கருவிகள் பரவப் பரவக் கேனின் தேவை தேயும். ஆனாலும், புயலில் நான்கு நாள் மின்சாரமில்லாத ஊருக்கு அது இன்னும் விடையாகவில்லை.

இதை அமெரிக்கரின் சொகுசுப் பிரச்சினை என்று நாம் ஒதுக்க இயலாது. நம் நாட்டில் பெட்ரோலியச் சட்டம் 1934-ஆம் ஆண்டுக்குரியது. விற்பனைக்கல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு 30 லிட்டர் வரை உரிமமின்றிப் பெட்ரோல் வைத்திருக்க அது இடமளிக்கிறது. எதில் வைக்கலாம் என்றும் சொல்கிறது: கண்ணாடி அல்லது பீங்கான் கலன் என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல், உலோகக் கலன் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல். பிளாஸ்டிக் அந்தச் சட்டம் பிறந்தபோது புழக்கத்தில் இல்லை. இன்று தமிழக வயல்களில் மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான், களைவெட்டும் இயந்திரம், களையெடுக்கும் பவர் வீடர் எல்லாம் பெட்ரோல் குடிப்பவை. அவற்றைப் பெட்ரோல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல முடியாது. நிலையத்திலோ 'பாட்டிலில் பெட்ரோல் வழங்கப்படமாட்டாது' என்ற பலகை. பெட்ரோலை ஆயுதமாக்கிய கொடுமைகளைக் கண்ட பிறகு அந்தப் பலகையைக் குறைகூறவும் மனம் வரவில்லை.

ஆனால், பாட்டில் கூடாதென்றால் எது கூடும் என்பதற்கு அந்தப் பலகையில் பதில் இல்லை. சரியான 5 லிட்டர் உலோகக் கேனைத் தேடி ஊர்க் கடைவீதியில் அலைந்து பார்த்தால் நிலைமை விளங்கும். ஆகவே, இரு சக்கர வண்டியின் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து, வயலோரத்தில் குழாயைக் கழற்றித் தண்ணீர்ப் பாட்டிலில் பிடிக்கிறார்கள். அல்லது காலியான இன்ஜின் ஆயில் கேனை நீட்டித் தெரிந்த ஊழியரிடம் கெஞ்சுகிறார்கள். அமெரிக்காவில் விதி மோசமான கேனைத் தந்தது. இங்கே விதி கேனையே தரவில்லை. இரண்டிலும் முடிவில் மக்கள் கையில் இருப்பது எந்த விதிக்கும் உட்படாத பாத்திரம். எண்ணெய் நிறுவனங்கள் தத்தம் நிலையங்களிலேயே தரச்சான்று பெற்ற, காற்றுவழியுடன் கூடிய சிறு உலோகக் கேனை முன்பணத்துக்குக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். சமையல் எரிவாயு உருளையைப் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் அவை கையாண்டுவருகின்றன.

மீண்டும் அந்த ஜூலை மாதக் கடிதத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அது அரசியலாகிவிட்டது. அரசு தலையிட்டதால்தான் கேன் கெட்டது, விதிகளையே தூக்கியெறியுங்கள் என்று ஒரு கூட்டம். காற்று மாசு பற்றிக் கவலைப்படாதவர்களின் கூக்குரல் இது என்று இன்னொரு கூட்டம். முன்னவர்கள் மறப்பது, 2009-க்கு முந்தைய கேன்கள் இரவும் பகலும் கசிந்துகொண்டிருந்தன என்பதை. பின்னவர்கள் மறப்பது, வீட்டுக்காரர் துளையிட்ட கேன் அதைவிட அதிகம் கசியும் என்பதை. 0.3 கிராம் எல்லையைத் தளர்த்த எந்தத் தேவையும் இல்லை. காற்றுவழியுடன் கூடிய மூக்கும் அதே சோதனையில் தேற முடியும், தேறியவை விற்பனையிலும் உள்ளன.

விடுபட்டிருப்பது இரண்டாவது எண். இருபது வயதினரும் எழுபது வயதினருமாகச் சிலரைக் கூட்டி, ஒவ்வொருவர் கையிலும் புதிய கேனைக் கொடுத்து, வழக்கத்திலுள்ள நான்கைந்து வகை இயந்திரத் தொட்டிகளில் ஊற்றச் சொல்லி, கீழே விரித்த தட்டில் சிந்தியதை எடை போட்டாலே போதும். பெட்ரோல்கூட வேண்டாம், தண்ணீரை வைத்தே செய்யலாம். அதற்கு ஒரு கிராம் எல்லை விதித்துவிட்டால், துளை எங்கே வைப்பது, குழாய் எவ்வளவு தடிமன் என்று அரசு கற்பிக்க வேண்டியதில்லை, தொழிற்சாலைகளே கண்டுபிடித்துக்கொள்ளும். முகமையின் கடிதம் இதைச் செய்யவில்லை. காற்றுத்துளை வையுங்கள் என்று கேட்டுக்கொள்வதோடு அது நின்றுவிட்டது; ஊற்றும்போது சிந்தும் பெட்ரோலுக்கு இன்னும் 'இயன்றவரை' என்பதே எல்லை.